பறையடியும் பொறியடியும்

தைப்பூசத் திருநாளன்று ஈப்போ நகரில், புந்தோங்கிலிருந்து குனோங் சீரோ மலைக்கோயில் வரையில் காவடிகள் செல்லும் சாலையோரத்தில் ஒரு நாழிகை நின்றவர்க்கு, உருமியின் உறுமலும் பம்பையின் படபடப்பும் வீடு திரும்பிய பின்னும் செவியை விட்டு நீங்கா. காவடியைப் பற்றி நாம் கொண்டுள்ள கருத்து நேயர்கள் அறிந்ததே. அதனை இங்கு விரிக்கப் புகவில்லை. நாம் கேட்பது வேறொரு கேள்வி. அங்கே அடிக்கும் இளைஞர்களிற் பலர் நகரத்திலேயே பிறந்தவர்கள். விடியற்காலையில் பால்மரத்தடியில் நின்று அறியாதவர்கள். ஆயினும் அவர்கள் கையில் எழும் அடி, நூறாண்டுகளுக்கு முன் கப்பலேறி வந்த கூலி மக்களோடு வந்த அடியின் வழித்தோன்றலாகும். ஏட்டில் எழுதப்படாத, பள்ளியிற் கற்பிக்கப்படாத, படித்தோரால் மதிக்கப்படாத அந்த அடி, மூன்று நான்கு தலைமுறைகளைக் கடந்து அவர்கள் கையை வந்தடைந்தது எவ்வாறு? இனி அது எவர் கைக்குச் செல்லும்?

இவ்வினாவுக்கு விடை தேடியபோது, நாம் சற்றும் எதிர்பாராத ஓரிடத்தில் ஒரு விளக்கம் கிடைத்தது. ஒரு தாளப் பொறியிலுள்ள அடியை மற்றொரு தாளப் பொறிக்கு மாற்றும் வழி கண்டுபிடிக்கப்பட்ட வரலாறே அது. அவ்வழிக்கு மேனாட்டார் இட்ட பெயர் மிடி. தமிழில் மிடி என்றால் வறுமை என்று பொருள். நம் தோட்டத்து மக்கள் தமிழ் மிடியை நன்கறிவர். மேனாட்டு மிடியை அறிந்துகொள்வது அந்த வறுமையில் ஒரு பகுதியையேனும் போக்க உதவும் என்பது நம் துணிவு. அது எவ்வாறு என்பதைக் காட்டுவதற்கு முன், நம் முன்னோர் அடியைக் கைமாற்றிய வழியைப் பார்த்துவிடுவோம்.

சொல்லே முதற் குறி

மிருதங்கம் பயிலத் தொடங்குவோன் எடுத்த எடுப்பிலேயே கையை மட்டும் நம்பிக் கற்பதில்லை. வாயாலும் சொல்லிப் பழகுகிறான். தகிட என்றால் மூன்று. தகதிமி என்றால் நான்கு. தகதகிட என்றால் ஐந்து. தகிடதகதிமி என்றால் ஏழு. இவற்றுக்குச் சொற்கட்டு என்பது பெயர். திசிரம், சதுசிரம், கண்டம், மிச்சிரம், சங்கீரணம் என மூன்று, நான்கு, ஐந்து, ஏழு, ஒன்பது எண்ணிக்கைகளாற் பிறக்கும் ஐந்து நடைகளையும் இச்சொற்களைக் கொண்டே மனத்திற் பதித்துக்கொள்ளலாம்.

இதில் நாம் கவனிக்கத்தக்க நுட்பம் ஒன்றுண்டு. தகதிமி என்னும் சொல் எந்த ஒரு கருவியின் ஒலிக்கும் சொந்தமானதன்று. அதனை மிருதங்கக்காரர் தம் விரலாலும், தவில்காரர் தம் கோலாலும், கஞ்சிராக்காரர் தம் உள்ளங்கையாலும், கடக்காரர் பானையின் வயிற்றிலும் அடித்துக் காட்டுவர். ஒலி நான்கு விதம், அடி ஒன்றே. எப்போது அடிப்பது, எவ்வளவு இடைவெளி விடுவது என்னும் கட்டளை சொல்லில் இருக்கிறது. அக்கட்டளையை எந்த ஒலியால் நிறைவேற்றுவது என்பது கருவியின் பொறுப்பு. கட்டளையையும் ஒலியையும் இவ்வாறு பிரித்து வைத்த அறிவுதான், ஓர் அடி ஒரு கருவியை விட்டு மற்றொரு கருவிக்குப் போவதற்கு வழி திறந்தது.

ஆனால் இந்த வழி எல்லாத் தோற்கருவிக்கும் ஒன்றுபோலத் திறந்துவிடப்பட்டதா? இல்லை. பறையைத் தொல்காப்பியர் ஒவ்வொரு நிலத்துக்கும் உரிய கருப்பொருள்களில் ஒன்றாக வைத்தார். சிலப்பதிகாரத்தின் அரங்கேற்று காதை தண்ணுமை ஆசிரியனின் தகுதியை வகுத்துரைக்கிறது. புறநானூற்றின் 335ஆம் பாட்டு துடியன், பாணன், பறையன், கடம்பன் ஆகியோரைச் சிறப்பித்துக் கூறுகிறது. பறைதல் என்னும் சொல்லுக்கே பேசுதல் என்பது பொருள். அத்தகைய கருவி பிற்காலத்தில் சாதியின் பிடியில் அகப்பட்டுச் சாவு வீட்டுக்கும் தண்டோராவுக்கும் உரியதென்று ஊருக்கு வெளியே தள்ளப்பட்டது. அரண்மனையிலும் சபையிலும் ஏறிய கருவிகளுக்குச் சொற்கட்டும் ஆசானும் ஏடும் வாய்த்தன. சேரியில் நின்ற கருவிக்குத் தகப்பன் அடிக்க மகன் கேட்பது ஒன்றே பள்ளியாயிற்று. பறையிலும் அடிக்குச்சி, சிண்டுக்குச்சி என இரு குச்சிகள் உண்டு. அவற்றின் அடிகளுக்கும் வாய்ச்சொற்கள் உண்டு. நுட்பத்தில் அது எதற்கும் தாழ்ந்ததன்று. எழுதி வைப்பாரும் ஏற்று மதிப்பாருமே அதற்கு இல்லாமற் போயினர்.

தோலை உரித்துப் பதப்படுத்தி மிருதங்கத்தையே செய்து கொடுத்த கைகளின் கதையும் இதுவே. அக்கைவினைஞர் குடும்பங்களின் வரலாற்றை டி. எம். கிருஷ்ணா 2020ஆம் ஆண்டில் செபாஸ்டியன் அண்ட் சன்ஸ் என்னும் நூலாக எழுதி வெளியிட்ட பிறகே, அதுவரை வித்துவான்களின் பெயரை மட்டும் அறிந்திருந்த சபையோரிற் பலர் அவர்கள் பெயரை அறிந்தனர்.

கடல் கடந்த அடி

1877ஆம் ஆண்டில் சிங்கப்பூருக்கு வந்த இரப்பர்க் கன்றுகளிற் சில, பேராக் மாநிலத்தின் கோலகங்சாரில் நடப்பட்டன. அவற்றின் வழிவந்த மரங்கள் காடாய்ப் பெருகியபோது, பால் வெட்டக் கைகள் வேண்டியிருந்தன. கங்காணிமார் தமிழகத்துக் கிராமங்களுக்குச் சென்று ஆள் கட்டினர். வந்தவர்களிற் கணிசமானோர் ஒடுக்கப்பட்ட குடிகளைச் சேர்ந்தோர். சட்டி பானையோடும் குலதெய்வத்தோடும் அவர்கள் தம் அடியையும் கொண்டுவந்தனர். தோட்டத்தில் மாரியம்மன் கோயில் எழுந்தது, தீமிதி நடந்தது, கலியாணமும் சாவும் நடந்தன. இவை எல்லாவற்றுக்கும் தப்பு வேண்டியிருந்தது. இலங்கை மலையகத்திலோ விடியற்காலையில் ஆட்களைப் பெரட்டுக்கு எழுப்புவதற்கே தப்படிக்கும் வழக்கம் இருந்தது. தொழிலாளியின் உறக்கத்தைக் கலைக்கவும், அவன் துக்கத்தை ஆற்றவும் ஒரே தோல் உதவிற்று.

பேராவின் மழைக்கும் ஈரக்காற்றுக்கும் பறைத்தோல் எளிதில் தொய்ந்துவிடும். ஆகவே வைக்கோலோ சருகோ கொளுத்திக் காய்ச்சிக் காய்ச்சி அடிக்கவேண்டும். காய்ந்த தோல் இறுகும். இறுகிய தோலின் ஒலி உயரும். எவ்வளவு காய்ச்சுவது என்பதைக் காது சொல்லவேண்டும். இந்த அறிவும் அடியைப்போலவே தகப்பனிடமிருந்து மகனுக்குச் சென்றது. இடையில் ஒருவர் விழுந்தால் சங்கிலி அறும்.

விழுந்தவர் ஒருவரா? 1942, 1943ஆம் ஆண்டுகளில் சயாம் மரண ரயில் பாதைக்கு மலாயாத் தோட்டங்களிலிருந்து ஆயிரமாயிரமாகத் தமிழர் கொண்டுசெல்லப்பட்டனர். 415 கிலோ மீட்டர் நீளமுள்ள அப்பாதையில் மாண்டவர்க்குப் பறையடிக்கவும் ஆளில்லை. 1948 ஜூன் 16ஆம் நாள் சுங்கை சிப்புட் தோட்டங்களில் மூன்று துரைமார் கொல்லப்பட்டதை ஒட்டி நாட்டில் அவசரகாலம் பிறந்தது. ஊரடங்கு இட்ட இடத்தில் இரவுக் கூத்துக்கும் மேளத்துக்கும் வழி ஏது? பின்னர்த் தோட்டத் துண்டாடல் வந்தது. துரைமார் தோட்டங்களைத் துண்டு துண்டாக விற்றபோது, துன் சம்பந்தன் 1960ஆம் ஆண்டில் தேசிய நிலநிதிக் கூட்டுறவுச் சங்கத்தை நிறுவித் தொழிலாளர் சந்தாவைக் கொண்டே தோட்டங்களை வாங்கச் செய்தார். அதனால் தப்பிய தோட்டங்கள் சில, தப்பாதவை பல. பின்வந்த ஆண்டுகளில் இரப்பர் போய்ச் செம்பனை வந்தது. செம்பனை நின்ற இடத்திலும் வீடமைப்புத் திட்டங்கள் வந்தன. லயங்கள் இடிந்தன. மக்கள் ஈப்போவுக்கும் பிற நகரங்களின் ஓரங்களுக்கும் பெயர்ந்தனர். ஒரு லயத்தில் பத்துக் குடும்பங்கள் சேர்ந்து கேட்ட அடி, அடுக்கு வீட்டின் மூடிய கதவுக்குப் பின் ஒரு கிழவரின் நினைவில் ஒடுங்கிற்று.

பொறிகள் பேசத் தொடங்கிய கதை

நிற்க. பேராவின் தோட்டங்கள் சிதைந்துகொண்டிருந்த அதே காலத்தில், ஜப்பானிலும் அமெரிக்காவிலும் கை இல்லாமல் அடிக்கும் பொறிகள் பிறந்துகொண்டிருந்தன. ஜப்பானிய ரோலண்டு நிறுவனம் 1980ஆம் ஆண்டில் டி.ஆர். 808 என்னும் தாளப் பொறியை வெளியிட்டது. பம்பாய்த் திரையிசைக் கலைஞர் சரண்ஜித் சிங், 1982ஆம் ஆண்டில் வெளிவந்த தம் இசைத்தட்டில் அப்பொறியின் அடியை வைத்துப் பத்து இராகங்களை வாசித்துக் காட்டினார். அக்காலத்தில் அதனைப் போற்றுவார் அருகியே இருந்தனர். பல்லாண்டு கழித்தே உலகம் அதனைத் தேடிக் கேட்டது.

அக்காலப் பொறிகளுக்குப் பெருங்குறை ஒன்றிருந்தது. ஒரு நிறுவனத்தின் பொறி மற்றொரு நிறுவனத்தின் பொறியோடு பேசாது. ஒவ்வொன்றும் தனக்கென ஒரு பாஷை வைத்திருந்தது. ஒன்றில் உழைத்து அமைத்த அடியை மற்றொன்றில் கேட்க வேண்டுமாயின், முதலிலிருந்து மீண்டும் அமைக்கவேண்டும். ஒரு சாதியார் தொட்ட குடத்தை மற்றொரு சாதியார் தொடாத நம் ஊர்க் கிணற்றடியை இது நினைவூட்டவில்லையா?

இந்தத் தீண்டாமையை ஒழிக்க முயன்றவர் இருவர். ஒருவர் ரோலண்டு நிறுவனத்தின் நிறுவனர் இகுடாரோ ககேஹாஷி. மற்றவர் அமெரிக்காவில் சீக்குவென்ஷியல் சர்க்கிட்ஸ் நிறுவனத்தை நடத்திய டேவ் ஸ்மித். சந்தையில் ஒருவரோடொருவர் போட்டியிட்டவர்கள் பொதுமொழி ஒன்றுக்கு உடன்பட்டனர். யமஹா, கோர்க், கவாய் ஆகிய ஜப்பானிய நிறுவனங்களும் உடன் சேர்ந்தன. 1983 ஜனவரியில் கலிபோர்னியாவில் நடந்த இசைக்கருவிக் கண்காட்சியில், ஸ்மித்தின் கருவியும் ரோலண்டின் கருவியும் ஒரு வடத்தால் இணைக்கப்பட்டன. ஒன்றில் அழுத்திய விசைக்கு மற்றொன்று ஒலித்தது. அவ்வாண்டிலேயே வெளிவந்த டி.ஆர். 909 என்னும் தாளப் பொறி மிடிக்கான வாயிலோடு வந்தது. இப்பொதுமொழிக்கு எவரும் உரிமைத்தொகை கேட்கவில்லை. கேட்டிருந்தால் அது பொதுமொழி ஆகியிராது. 2013ஆம் ஆண்டில் இருவர்க்கும் கிராமி தொழில்நுட்ப விருது அளிக்கப்பட்டது. ககேஹாஷி 2017ஆம் ஆண்டிலும் ஸ்மித் 2022ஆம் ஆண்டிலும் மறைந்தனர். வடத்தின் வழியே அவர்கள் விட்டுச்சென்ற பேச்சு இன்னும் நிற்கவில்லை.

அம்மொழியின் இலக்கணம் மிக எளிது. ஓர் அடிக்கு மூன்று எண்கள். முதலாவது, எந்த வழியில் அடி என்பதைக் கூறும், வழிகள் 16. இரண்டாவது, எந்த ஒலி என்பதைக் கூறும். மூன்றாவது, எவ்வளவு வலுவாக என்பதைக் கூறும். வலு 1 முதல் 127 வரை. இம்மூன்று எண்களும் வடத்தின் வழியே செல்ல ஒரு விநாடியின் ஆயிரத்தில் ஒரு பங்கு நேரமே ஆகும். ஒலி வடத்தின் வழியே செல்வதில்லை, கட்டளையே செல்கிறது. நம் சொற்கட்டும் அவ்வாறே செய்கிறது என்பதை நேயர்கள் இப்போது கண்டிருப்பார்கள்.

ஒரு பொறியிலிருந்து மற்றொரு பொறிக்கு அடியை மாற்றும் முறையும் நமக்குப் பழக்கமானதே. முதற்பொறி வாசிக்கும், இரண்டாம் பொறி கேட்டு எழுதிக்கொள்ளும். இரண்டும் ஒரே காலத்தில் நடப்பதற்காக, முதற்பொறி ஓர் அட்சரத்துக்கு 24 துடிப்புகள் வீதம் அனுப்பிக்கொண்டேயிருக்கும். தொடங்கு என்றொரு செய்தி, நில் என்றொரு செய்தி. ஆசான் முன் அமர்ந்த மாணாக்கன் கண்ட காட்சியே இது. ஒரு நிறுவனத்தின் பொறிகளுக்குள் மட்டும் வழங்கும் தனிச்செய்தி வழியாக மொத்தத்தையும் ஒரே வீச்சில் மாற்றவும் கூடும். ஆனால் பிற நிறுவனப் பொறிக்கு அது புரியாது. 1988ஆம் ஆண்டில் அடிகளைக் கோப்பாக எழுதி வைக்கும் பொதுமுறையும் வகுக்கப்பட்டபின், எழுதி வைத்த அடியை எவரும் எங்கும் திறந்து கேட்கலாம் என்றாயிற்று.

ஐந்தும் ஏழும் படும் பாடு

பொதுமொழி என்றவுடன் அது குற்றமற்றது என்று எண்ணிவிடக் கூடாது. அம்மொழியை வகுத்தோர் தம் காதுக்குப் பழகிய தாளத்தை வைத்தே வகுத்தனர். 24 துடிப்புகளை எடுத்துக்கொள்வோம். 24ஐ மூன்றால் வகுக்கலாம், நான்கால் வகுக்கலாம். ஆகவே திசிரமும் சதுசிரமும் பழுதின்றிச் செல்லும். ஐந்தால் வகுத்தால் மிச்சம் வரும். 24 துடிப்புகளை மட்டுமே அறிந்த பொறியில் கண்ட நடையின் ஐந்து அடிகளை இட்டால், அவை அருகிலுள்ள துடிப்பில் போய் ஒட்டிக்கொள்ளும். இடைவெளிகள் 5, 5, 4, 5, 5 என்றாகும். சமமாக நடக்கவேண்டிய கால் நடுவில் ஓரடி இடறும். ஏழுக்கும் ஒன்பதுக்கும் இதே கதி.

இடறல் எவ்வளவு பெரிது என்பதையும் கணக்கிட்டுப் பார்ப்போம். நிமிடத்துக்கு 60 அட்சரம் என்னும் விளம்ப காலத்தில் ஒரு துடிப்பு ஏறக்குறைய 42 மில்லி விநாடி. ஆகவே ஓர் அடி தன் இடத்தை விட்டு அதில் பாதி, அதாவது 21 மில்லி விநாடி வரையில் விலகக்கூடும். தேர்ந்த காது இதனைப் பொறுக்காது. பின்வந்த பொறிகளும் கணினிகளும் ஓர் அட்சரத்தை 480 கூறாகவும் அதற்கு மேலும் பகுக்கின்றன. அவற்றில் இப்பிழை ஒரு மில்லி விநாடியளவுக்குச் சுருங்கிவிடுகிறது. எனவே குறை தீராத குறையன்று. ஆயினும் பதினாறு கட்டங்களை வரிசையாக வைத்த பொறியின் முன் உட்காரும் நம் இளைஞன், கட்டம் எத்தனையோ அத்தனைக்குள் சிந்திக்கவே பழகுகிறான். கட்டத்துக்குள் அடங்காத அடியை அவன் பிழையென்று எண்ணித் திருத்திவிடுகிறான். தோட்டத்துப் பெரியவர் வேண்டுமென்றே சற்றுத் தாழ்த்தி அடித்த அடியைப் பொறி தானாக நேராக்கிவிடுகிறது. அந்தத் தாழ்ச்சியில்தான் ஒப்பாரியின் விம்மல் இருந்தது என்று பொறிக்கு எவர் சொல்வார்?

அட்டவணையில் இல்லாதவர்கள்

இதனினும் பெரிய குறை ஒன்றுண்டு. இரண்டாவது எண் எந்த ஒலியைக் குறிக்கும் என்பதில் ஒரு பொறிக்கும் மற்றொரு பொறிக்கும் வேறுபாடு இருந்தது. ஒன்றில் பெருமேளமாக ஒலித்த எண், மற்றொன்றில் சிஞ்சாவாக ஒலித்துச் சிரிப்பை மூட்டும். இதனைத் தவிர்க்க 1991ஆம் ஆண்டில் ஜெனரல் மிடி என்னும் பொது அட்டவணை வந்தது. பத்தாம் வழி தாளத்துக்கு என்று ஒதுக்கப்பட்டது. 35 முதல் 81 வரை 47 ஒலிகளுக்கு எண் கொடுக்கப்பட்டது. 36 பெருமேளம், 38 நரம்பு கட்டிய சிறுமேளம். போங்கோவுக்கு இடமுண்டு, காங்காவுக்கு இடமுண்டு, கிலுகிலுப்பைக்கும் முக்கோணக் கம்பிக்கும் இடமுண்டு.

மிருதங்கத்துக்கு இடமில்லை. தவிலுக்கு இடமில்லை. தபேலாவுக்கும் இல்லை. பறைக்கும் உருமிக்கும் இருக்குமா?

ஆனால் அவ்வட்டவணையில் 78, 79 என்னும் எண்களைப் பாருங்கள். அவை குயிக்கா என்னும் பிரேசில் நாட்டுக் கருவிக்கு உரியவை. தோலின் நடுவே பொருத்திய மெல்லிய குச்சியை ஈரத்துணியால் உரசி ஒலியெழுப்புவது அது. உருமியோ வளைந்த குச்சியால் தோலை உரசி உறும வைப்பது. இரண்டும் உராய்வால் பேசும் மேளங்கள். கடலுக்கு அப்பால் வாழும் உடன்பிறப்புகள். பிரேசிலின் தெருத்திருவிழாவில் உழைப்பாளி மக்கள் குயிக்காவை ஏந்தினர். அது உலக அட்டவணையில் ஏறிற்று. நம் உழைப்பாளி மக்கள் உருமியை ஏந்தினர், அது ஏறவில்லை. காரணம் அட்டவணை எழுதியவர்களின் பகையன்று. பிரேசில் மக்கள் தம் தெருமேளத்தைத் தேசத்தின் பெருமை என்று கொண்டாடி உலகெங்கும் கேட்கச் செய்தனர். நாமோ நம் தெருமேளத்தை வீட்டு வாசலில் நிறுத்திச் சில்லறை கொடுத்து அனுப்பினோம். நாம் மதியாததை அயலான் எண்ணிட்டு வைக்கவில்லை என்று குறை கூறுவது நியாயமாகுமா?

பெங்களூர் ராடெல் நிறுவனத்தின் மின் தபேலா முதலிய கருவிகள் பின்னர் வந்தன. இந்தியச் சந்தைக்கென்று வந்த விசைப்பலகைகளில் தபேலாவும் டோலக்கும் ஏறின. சபைக் கருவிகள் இவ்வாறு மெல்ல இடம் பிடித்தன. சேரிக் கருவி இங்கும் பின்தங்கிற்று. திரைப்படத்தில் குத்து என்ற பெயரால் அதன் அடி கோடிக்கணக்கானோரை ஆட வைத்தது; அதனை அடித்த கை எது என்று கேட்டவர் சிலரே.

இழிவைப் போக்குவதா, கலையைப் போக்குவதா?

இவ்விடத்தில் சீர்திருத்தக்காரராகிய நம்மை நோக்கி ஒரு கேள்வி எழும். பறையடிக்கும் தொழிலை விட்டொழியுங்கள் என்று ஒடுக்கப்பட்ட மக்களுக்குக் கூறியவர்கள் நாமல்லவா? இப்போது பறையைப் போற்றுவது முரணாகாதா?

முரணன்று. பெரியார் 1929ஆம் ஆண்டின் இறுதியில் மலாயாவுக்கு வந்து சுயமரியாதையைப் பேசிய காலத்தில், பறை விரும்பி ஏற்ற கலையாக இருக்கவில்லை. பிறப்பினால் சுமத்தப்பட்ட ஊழியமாக இருந்தது. மேல்சாதி வீட்டுப் பிணத்துக்கு முன் அடிக்க மாட்டேன் என்று சொன்னவன் அடிபட்டான், ஊர்விலக்குக்கு ஆளானான். அடிக்க மறுத்த கை உரிமைக்கு உயர்ந்த கை. அந்த மறுப்பை நாம் இன்றும் வணங்குகிறோம். ஊழியம் ஒழிந்த பின், அதே மக்களின் பிள்ளைகள் தம் விருப்பத்தால் பறையை மீண்டும் எடுத்தனர். பெண்கள் எடுத்தனர். மேடையிலும் ஊர்வலத்திலும் அது விடுதலைக் குரலாயிற்று. 2025ஆம் ஆண்டில் மதுரை வேலு ஆசானுக்குப் பறைக்கலைக்காகப் பத்மஸ்ரீ விருது வழங்கப்பட்டது. கட்டாயமாக அடித்தபோது அது அடிமைத்தனம். மனமுவந்து கற்றபோது அது கலை. ஒழியவேண்டியது சாதி, தாளமன்று.

மலேசியாவிலோ நிலைமை பாதி வழியில் நிற்கிறது. உருமி மேளக் குழுக்கள் இளைஞர்களால் நிரம்பியுள்ளன; அடியின் மீது அவர்களுக்குள்ள ஆர்வத்தில் ஐயமில்லை. யோகி பி, நட்சத்திரா குழுவினர் 2006ஆம் ஆண்டில் வல்லவன் என்னும் இசைத்தொகுப்பை வெளியிட்டபோது, மலேசியத் தமிழ் இளைஞரின் தாளமும் சொல்லும் தமிழகம் வரையில் சென்று ஒலித்தன. பொறியை ஆளத் தெரிந்த தலைமுறை நம்மிடம் உண்டு என்பதற்கு அது சான்று. ஆனால் பொறியை ஆளும் பேரனும் தோலை ஆண்ட பாட்டனும் ஒரே கூடத்தில் உட்காருவதில்லை. பாட்டன் தாம் தப்படித்ததைச் சொல்ல நாணுகிறார். சொன்னால் சாதி தெரிந்துவிடும் என்று அஞ்சுகிறார். பேரன் வெளிநாட்டார் விற்கும் ஒலித்தொகுப்பை விலைக்கு வாங்குகிறான். இடையில் அறுந்து கிடப்பது வடம் மட்டுமன்று.

செய்யத்தக்கது

பழி கூறி முடிப்பது நம் வழக்கமன்று, செய்யத்தக்கதைக் கூறுவோம். இதற்குப் பெரும்பணம் வேண்டியதில்லை.

முதலாவது, ஈப்போவிலும் சுங்கை சிப்புட்டிலும் தைப்பிங்கிலும் தாப்பாவிலும் முன்னாள் தோட்டங்களில் அடித்த பெரியவர்கள் எஞ்சியுள்ள இடங்களைத் தேடிச் செல்லவேண்டும். சாவடி எது, சாமியடி எது, கலியாண அடி எது என்று அவர்கள் வாய்ச்சொல்லோடு கேட்டுப் பதிய வேண்டும். அடியை முழுமையாகப் பதிவதோடு, ஒவ்வொரு குச்சியின் ஒவ்வொரு தட்டையும் மென்மையாகவும் நடுத்தரமாகவும் வலுவாகவும் தனித்தனியே பதியவேண்டும். அப்போதுதான் மூன்றாவது எண்ணுக்கு உயிர் வரும்.

இரண்டாவது, பறைக்கும் உருமிக்கும் நாமே ஓர் அட்டவணை எழுதவேண்டும். அடிக்குச்சித் தட்டுக்கு எந்த எண், சிண்டுக்குச்சிக்கு எந்த எண், இரண்டும் சேர்ந்த அடிக்கு எந்த எண் என்று வகுத்து எல்லாரும் பின்பற்றலாம். உருமியின் உறுமல் ஒரே எண்ணில் அடங்காது. சுரத்தை வளைக்கும் தொடர்செய்தி மிடியிலேயே உண்டு. அதனைக் கொண்டு எழுதலாம். 2020ஆம் ஆண்டில் ஏற்கப்பட்ட மிடியின் இரண்டாம் பதிப்பில் அடியின் வலுவை 65,536 படிகளாகப் பகுக்க முடிகிறது. கருவி நுண்மையாகிவிட்டது, காட்டிக் கொடுக்க ஆளில்லை. ககேஹாஷியும் ஸ்மித்தும் செய்ததுபோல, நம் அட்டவணையையும் எவர்க்கும் இலவசமாக விடவேண்டும். குழுவுக்குக் குழு அடியை ஒளித்து வைக்கும் சிறுமை நம்மை எங்கும் கொண்டு சேர்க்காது.

மூன்றாவது, தமிழ்ப்பள்ளிகளில் இதனைப் புகுத்தவேண்டும். பேராவில் நூற்றுக்கு மேற்பட்ட தமிழ்ப்பள்ளிகள் உள்ளன. அவற்றிற் பல தோட்டத்தில் பிறந்த பள்ளிகள். ஒரு கணினியும் ஒரு பறையும் போதும். ஆணும் பெண்ணும், எந்தக் குடியிற் பிறந்தோரும் ஒரே வட்டமாக உட்கார்ந்து தகிட என்று சொல்லி, தோலில் அடித்து, பொறியில் எழுதிப் பழகட்டும். எண்ணும் தாளமும் சமத்துவமும் ஒரே பாடமாக அமையும்.

நான்காவதாக ஒன்றைக் கூறி முடிப்போம். மிடிக் கோப்பில் எண்கள் மட்டுமே இருக்கும் என்று பலர் எண்ணுகின்றனர். அதில் எழுத்துக்கும் இடமுண்டு. அடியின் பெயரை எழுதலாம், உரிமையாளர் பெயரை எழுதலாம், குறிப்பு எழுதலாம். அவ்விடங்கள் 1988ஆம் ஆண்டு முதல் திறந்தே இருக்கின்றன. பேராவின் ஒவ்வோர் அடிக்கும் அவ்விடத்தில், அதனைக் காத்துத் தந்தவரின் பெயரும் அவர் வாழ்ந்த தோட்டத்தின் பெயரும், அவர் இசைவோடு, எழுதப்படுதல் வேண்டும். சாதிப் பெயர் வேண்டா. தோட்டம் அழிந்து வரைபடத்தினின்று மறைந்திருக்கலாம், அடித்தவர் மறைந்திருக்கலாம். ஈப்போவின் ஒரு கூடத்திலோ கடல் கடந்த வேறொரு நாட்டிலோ எவரோ ஒருவர் அக்கோப்பைத் திறக்கும்போது, அடிக்கு முன் அவர் பெயர் தெரியும். நூறாண்டுகளாகப் பெயரின்றி அடித்த கைகளுக்கு நாம் பட்ட கடனில் இதுவே முதற் தவணை.